ஃபைபர் கிளாஸ் ஃப்ளை ராடு: முதல் ராடை நீங்களே கட்டுவது எப்படி?

ஃப்ளை ஃபிஷிங் என்பது பொய்ப்பூச்சியைக் காட்டி மீன் பிடிப்பது. அதில் தூக்கி எறியப்படுவது லைன் என்கிற தூண்டில் கயிறுதான். இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. தடித்த லைனின் எடை ராடை, அதாவது தூண்டில் கோலை, வளைக்கிறது. ராடு நிமிரும்போது லைன் பறக்கிறது. பூச்சி அதன் பின்னால் போகிறது. அதனால் ஒரு ராடு எந்த இடத்திலிருந்து வளைகிறது, எவ்வளவு சீக்கிரம் நிமிர்கிறது என்பதை வைத்துத்தான் அதன் குணத்தைச் சொல்ல முடியும். கண்ணாடியிழையால் ஆன கிளாஸ் ராடு கைப்பிடி வரைக்கும் வளையும், நிதானமாக நிமிரும். அந்த நிதானத்துக்காகவே அதைத் தேடிப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஷேக்ஸ்பியர் நிறுவனம் 1940களின் பிற்பகுதியில், ஆர்தர் ஹோவால்ட் உருவாக்கிய முறையில் ‘வொண்டர்ராடு’ என்ற கண்ணாடியிழை ராடுகளை விற்கத் தொடங்கியது. அதுவரை கோலோச்சியது மூங்கில் ராடு. 1973இல் ஃபென்விக் நிறுவனம் கிராஃபைட் (கார்பன் இழை) ராடைக் கொண்டுவந்த பிறகு கிளாஸ் மெல்ல ஓரங்கட்டப்பட்டது. கணக்குப் பார்த்தால் அதில் வியப்பில்லை. ராடுகளில் பயன்படும் ஈ-கிளாஸ் இழையின் விறைப்பு சுமார் 72 ஜிகாபாஸ்கல், எஸ்-கிளாஸுக்குச் சுமார் 86. சாதாரண கார்பன் இழைக்கே 230 அளவில் இருக்கிறது. போதாததற்கு கண்ணாடியிழையின் அடர்த்தியும் அதிகம். ஆக, அதே லைனை எறிய கிளாஸில் கூடுதல் பொருள் வேண்டும், கூடுதல் பொருள் என்றால் கனமான நுனி.

ராடு கட்டப் போகிறவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இதுதான். கிளாஸ் ராடின் நுனி ஏற்கெனவே கனம். அதன் மேல் நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு கைடும் (லைன் ஓடும் சிறு வளையம்), ஒவ்வொரு சுற்று நூலும், ஒவ்வொரு சொட்டு எபாக்சியும் (இரு பாகம் கலந்தால் இறுகும் பசை) அதை இன்னும் மந்தமாக்கும். கீழே சொல்லும் தேர்வுகளில் பாதி, நுனியில் எடையைக் குறைப்பதற்காகவே.

பிளாங்க்: எதை வாங்குவது

கைப்பிடியோ கைடோ இல்லாத வெற்றுக் கோலைத்தான் பிளாங்க் என்கிறோம். பிளாங்கை வீட்டில் செய்ய முடியாது; எஃகு அச்சில் ரெசின் ஊறிய கண்ணாடித் துணியைச் சுற்றி அடுப்பில் வேகவைக்கும் வேலை அது. ஆலையில் செய்ததை வாங்கி, மீதியை நாம் செய்கிறோம்.

முதல் ராடுக்கு ஏழிலிருந்து எட்டு அடி நீளமும், 3, 4, 5 என்ற லைன் எண்களில் ஒன்றும் பொருத்தமாக இருக்கும். லைன் எண் என்பது லைனின் முதல் 30 அடியின் எடையைக் குறிக்கிறது. 4ஆம் எண் என்றால் 120 கிரெயின், அதாவது சுமார் 7.8 கிராம், 5ஆம் எண்ணுக்கு 140 கிரெயின், சுமார் 9.1 கிராம். எட்டரை அடியைத் தாண்டினால் கிளாஸ் நுனி கனத்து, நாள் முழுவதும் எறிய மணிக்கட்டு ஒத்துழைக்காது. நீளமான ராடு வேண்டும் என்பவர்களுக்கு கார்பன்தான் சரி. இதில் கிளாஸ் பிரியர்களே பெரும்பாலும் என்னோடு சேர்ந்துகொள்வார்கள்.

எத்தனை துண்டு? இரண்டு துண்டுதான் தொடக்கத்துக்கு நல்லது. மூட்டு ஒன்றே ஒன்று, சுற்ற வேண்டிய நூல்கட்டும் குறைவு. பயணத்தில் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்றால் மூன்று அல்லது நான்கு துண்டு. மூட்டில் இரண்டு வகை உண்டு. மேல் துண்டின் அடிப்பகுதி உறைபோலக் கீழ்த்துண்டின் மேல் ஏறிக்கொள்வது ஒன்று. கீழ்த்துண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தனிக்குச்சி மேல்துண்டுக்குள் நுழைவது இன்னொன்று. இதை ஸ்பிகாட் என்பார்கள். புது ஸ்பிகாட்டில் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி தெரியும். பயந்து தேய்த்துச் சரிசெய்ய வேண்டாம். தேயத் தேய உள்ளே இறங்கட்டும் என்று விட்ட இடைவெளி அது.

இந்தக் கட்டுரை முழுக்க எடுத்துக்காட்டுக்கு ஏழரை அடி, 4ஆம் எண், இரண்டு துண்டு ராடை வைத்துக்கொள்வோம்.

என்னென்ன வேண்டும்

பிளாங்க், ரீல் சீட் (லைன் சுற்றிய ரீலைப் பொருத்தும் பகுதி), கார்க் கைப்பிடி, கைப்பிடியின் மேல் விளிம்பை மூடும் சிறு வளையம் (வைண்டிங் செக் என்று விற்பார்கள்), 10 மில்லிமீட்டர் உட்குறுக்களவுள்ள ஒரு ஸ்ட்ரிப்பிங் கைடு (கைப்பிடிக்கு அருகில் வரும் பெரிய கைடு), ஏழு ஸ்னேக் கைடு (வளைந்த கம்பியால் ஆன சிறு கைடு), ஒரு டிப்-டாப் (நுனியில் மாட்டும் கைடு), ‘ஏ’ அளவு நூல், ஒட்டுவதற்கு மெதுவாக இறுகும் இரட்டை எபாக்சி, நூல் மேல் பூச ராடு ஃபினிஷ் என்றே விற்கும் தெளிந்த எபாக்சி. இந்த இரண்டு எபாக்சியும் வேறு வேறு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது. டிப்-டாப்பை ஒட்ட, சூட்டில் இளகும் பசைக் குச்சி தனியாக வேண்டும்.

கருவிகளுக்கு அலைய வேண்டாம். சிறிய அரம், உப்புத்தாள், புது பிளேடு, மாஸ்கிங் டேப், ஆல்கஹால், கையுறை, தூசிக்கு முகக்கவசம். நூல் சுற்றும் ஸ்டாண்டு விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் ஒரு அட்டைப்பெட்டியின் இரு பக்கச் சுவர்களிலும் ‘வி’ வடிவில் வெட்டி, அதில் ராடைப் படுக்க வைத்தாலே ஸ்டாண்டு தயார். நூல்கண்டை ஒரு கோப்பைக்குள் போட்டு, நூலைக் கனமான புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே விட்டு வெளியே எடுங்கள். மேலே இன்னொரு புத்தகம் வைத்தால் நூல் இறுகும், எடுத்தால் தளரும். பல பேர் பல வருடமாக இதிலேயே அழகான ராடுகளைக் கட்டுகிறார்கள்.

நேர்க்கோடு பார்ப்பது

பிளாங்கைக் கையில் எடுத்ததும், துப்பாக்கிக் குறி பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடி அடியிலிருந்து நுனிக்குப் பார்த்தபடியே மெதுவாக உருட்டுங்கள். எந்த பிளாங்கும் நூல் பிடித்தாற்போல நேராக இருக்காது. ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு இடம் வலமாக இல்லாமல், மேல் நோக்கி இருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். ஃப்ளை ராடில் கைடுகள் அடிப்பக்கம் தொங்குபவை. ஆகவே வளைவின் புடைத்த பக்கத்தில் கைடு வந்தால், அவற்றின் எடையே நுனியைக் கொஞ்சம் கீழே இழுத்து நேராக்கிவிடும்.

இந்த இடத்தில் ‘ஸ்பைன்’ என்ற பேச்சு வரும். துணியைச் சுற்றும்போது ஒரு பக்கம் தடித்துப்போவதால், பிளாங்கை வளைத்து உருட்டினால் ஒரு நிலையில் துள்ளித் திரும்பும். அந்தக் கோட்டில்தான் கைடு வைக்க வேண்டும், இல்லையென்றால் ராடு முறுக்கிக்கொள்ளும் என்று சொல்பவர்கள் உண்டு. என் கருத்து வேறு. கைடு அடிப்பக்கம் இருக்கும் ராடை லைன் கீழே இழுக்கிறது. முறுக்குவதற்கு அங்கே காரணமே இல்லை. பார்க்க நேராக இருக்கும் கோட்டையே தேர்ந்தெடுங்கள். இரண்டு துண்டுகளையும் மாட்டி, மூட்டின் இரு பக்கமும் ஒரே கோட்டில் சிறு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டால் போதும்.

கைப்பிடியும் ரீல் சீட்டும்

தயாராகக் கிடைக்கும் கார்க் கைப்பிடியை முதல் ராடுக்கு வாங்கிக்கொள்ளலாம். தானே செய்ய ஆசைப்பட்டால், அரை அங்குலத் தடிமனுள்ள கார்க் வில்லைகள் பன்னிரண்டை நீர்புகாப் பசையால் ஒட்டி, இறுக்கி, மறுநாள் டிரில்லிங் மெஷினில் மாட்டிச் சுழலவிட்டு 80, 120, 220, 320 என்று உப்புத்தாள் மாற்றி மாற்றித் தேய்த்தால் ஆறு அங்குலக் கைப்பிடி வந்துவிடும். கார்க்கில் உள்ள குழிகளை, தேய்த்து விழுந்த கார்க் பொடியையும் மரப்பசையையும் குழைத்து அடைக்கலாம்.

கைப்பிடியின் துளை பிளாங்கை விடச் சிறியதாகத்தான் வரும். துளையைக் கூம்பு அரத்தால் பெரிதாக்குங்கள், பிளாங்கின் மேல் அவ்வப்போது ஏற்றிப் பார்த்துக்கொண்டே. கைப்பிடி எப்போதும் மெல்லிய முனையிலிருந்து அடியை நோக்கித்தான் இறங்க வேண்டும். கடைசி ஓரிரு சென்டிமீட்டர் மட்டும் லேசாக இறுகினால் சரியான அளவு. முழு நீளமும் இறுகினால் பசை வழிந்து வெளியே வந்துவிடும், உள்ளே ஒன்றும் மிஞ்சாது.

ரீல் சீட்டின் துளையோ எதிர்மாறு. பிளாங்கை விடப் பெரியது. நடுவில் உள்ள இடைவெளியை நிரப்ப, மாஸ்கிங் டேப்பை அரை சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக மூன்று இடத்தில் சுற்றுங்கள். பட்டைகளுக்கு நடுவே பிளாங்க் வெளியே தெரிய வேண்டும், பசை அங்கேதான் பிடிக்கும். முழுக்க டேப் சுற்றி ஒட்டினால் சீட் ஒட்டியிருப்பது டேப்பில், பிளாங்கில் இல்லை. ஒருநாள் தண்ணீர் இறங்கிக் கழன்றுவிடும். கார்க் அல்லது ஃபோம் வளையங்களும் விற்கிறார்கள், அவை இன்னும் இலகு.

இவ்வளவு சிறிய ராடுக்கு, கனமான உலோக சீட் வேண்டாம். மரத்துண்டு அல்லது கார்க் மேல் இரண்டு வளையம் மட்டும் உள்ள சீட் போதும். ‘அடியில் கனம் ஏற்றினால் நுனி கனம் சமமாகிவிடும்’ என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கையில் வைத்திருக்கும்போது சமமாகத் தெரியும், அவ்வளவுதான். எறியும்போது நுனி அதே மந்தத்தோடுதான் அசையும், அடியில் ஏற்றிய கனம் அதற்கு உதவாது.

ஒட்டுவதற்கு முன் பிளாங்கின் பளபளப்பை அந்த இடத்தில் மட்டும் உப்புத்தாளால் போக்கி, ஆல்கஹாலால் துடையுங்கள். கண்ணாடியிழைத் தூள் தோலில் அரிக்கும், மூச்சில் போனால் நல்லதல்ல. ஈரத் தாளால் தேய்த்தால் தூள் பறக்காது. சீட்டின் பிடி, கைடு கோட்டில் நிற்கிறதா என்று ரீலையே மாட்டிப் பாருங்கள். அதன் பிறகு கைப்பிடியை ஒட்டி, வைண்டிங் செக்கை அதே மெல்லிய முனையிலிருந்து இறக்கிக் கைப்பிடியோடு சேர்த்துவிடுங்கள். இதை மறந்து கைடு கட்டிவிட்டால் அப்புறம் அந்த வளையம் ஏறவே ஏறாது.

முதலில் மூட்டுக்கு நூல் கட்டுங்கள்

கைடுக்குப் போகும் முன், மேல்துண்டின் அடிப்பகுதியில், அதாவது இன்னொன்றை உள்வாங்கும் வாயில், இரண்டிலிருந்து மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு நூல் சுற்றியாக வேண்டும். இது அலங்காரத்துக்காகச் சுற்றுவதல்ல. ராடு வளையும்போது உள்ளே இருக்கும் துண்டு இந்த வாயைப் பிளக்கப் பார்க்கும். பிளாங்கின் இழைகளில் பெரும்பகுதி நீளவாக்கில் ஓடுவதால், வாய் நீளமாக விரிசல் விடும். சுற்றிய நூலும் எபாக்சியும்தான் அதைக் கட்டிப் பிடிக்கின்றன. நூல் சுற்றிப் பூச்சுக் காய்கிற வரைக்கும் ராடை மாட்டி பலமாக வளைத்துப் பார்க்கவே கூடாது. புதியவர்கள் கையில் உடையும் பிளாங்குகள் பெரும்பாலும் இந்த ஆர்வத்தில் உடைபவையே. ஸ்பிகாட் மூட்டு என்றால் இரண்டு துண்டுகளின் வாயிலும் கட்டு வேண்டும்.

கைடு எங்கே, எத்தனை

ராடு எத்தனை அடி நீளமோ அத்தனை கைடும், கூட ஒன்றும், நுனியில் டிப்-டாப்பும் என்பது பழைய கணக்கு. ஏழரை அடிக்கு எட்டு. ஒன்றிரண்டு கூட்டினால் நல்லதுதானே என்று தோன்றும். கிளாஸில் வேண்டாம்.

முதலில் டிப்-டாப்பை ஒட்டுங்கள். இதற்கு எபாக்சி ஆகாது. சூட்டில் இளகும் பசையே சரி. பின்னால் டிப்-டாப் தேய்ந்தால் லேசாகச் சூடு காட்டிக் கழற்றிவிடலாம். பசையை விளக்கில் இளக்கி நுனியில் தடவுங்கள், தீயைப் பிளாங்கின் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

ஏழரை அடி ராடுக்கு, டிப்-டாப்பிலிருந்து அளந்தால், 11, 24, 39, 56, 75, 97, 123, 153 சென்டிமீட்டரில் கைடு வைத்துத் தொடங்கலாம். கடைசியில் உள்ளது ஸ்ட்ரிப்பிங் கைடு. மற்றவை ஸ்னேக்: நுனிப்பக்கம் நான்கு 1ஆம் எண், அடுத்து இரண்டு 2ஆம் எண், ஸ்ட்ரிப்பிங் கைடுக்கு முன்னால் ஒரு 3ஆம் எண். ஏதாவது ஒன்று மூட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தால் ஒரு பக்கமாக நகர்த்துங்கள். இந்த எண்கள் தொடக்கத்துக்கு மட்டும். உங்கள் பிளாங்க் எப்படி வளைகிறதோ அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும்.

கைடுகளைக் கட்டும் முன் அவற்றின் பாதத்தை அரத்தால் சீவ வேண்டும். கடையில் வரும் கைடின் பாத நுனி மொண்ணையாக, ஒரு சிறு படிபோல இருக்கும். நூல் அந்தப் படியில் ஏறும்போது இடைவெளி விழும். மேல்பக்கத்தைச் சாய்வாகத் தேய்த்துக் கத்தி விளிம்புபோல ஆக்குங்கள். பிறகு அடிப்பக்கத்தில் விரலை ஓட்டுங்கள். பிசிறு தட்டுப்பட்டால் அதையும் எடுத்துவிடுங்கள். அந்தப் பிசிறு, ராடு வளையும் ஒவ்வொரு முறையும் பிளாங்கை அறுத்துக்கொண்டே இருக்கும். எட்டு கைடு, பதினாறு பாதம். சலிப்பான வேலைதான், ஆனால் நூல் சுற்றும்போது இதன் அருமை தெரியும்.

அப்புறம் கைடுகளை மெல்லிய டேப் துண்டால் பிளாங்கில் தற்காலிகமாக ஒட்டி, ரீலை மாட்டி லைனைக் கோத்து, லைன் நுனியை எங்காவது கட்டி, ராடை மெதுவாக வளையுங்கள். மூட்டுக் கட்டின் பூச்சு காய்ந்திருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். பக்கவாட்டில் நின்று பார்த்தால், லைன் பிளாங்கின் வளைவை ஒட்டியே போக வேண்டும். இரண்டு கைடுகளுக்கு நடுவே லைன் பிளாங்கை விட்டு விலகி, வளைவைக் குறுக்கே வெட்டிப் போனால் அந்த இடைவெளி அதிகம். இரண்டையும் கொஞ்சம் நெருக்குங்கள். கிளாஸ் அடி வரைக்கும் வளைவதால், கீழ்ப்பாதியில்தான் பெரும்பாலும் இந்தத் திருத்தம் தேவைப்படும்.

நூல் சுற்றுவது

இதுதான் எல்லோரும் பயப்படும் கட்டம். உண்மையில் இதைப்போல மன்னிக்கும் கட்டம் வேறில்லை. பிடிக்கவில்லையா, பிளேடால் அறுத்துவிட்டுத் திரும்பச் சுற்றலாம்.

நூலில் நைலான், பட்டு என இரண்டு உண்டு. நைலான் பழக எளிது. பட்டு மெல்லியது, எபாக்சி ஊறியதும் ஒளி ஊடுருவும்படி ஆகிவிடும். பல கிளாஸ் பிளாங்குகளும் ஒளியை விடுபவை என்பதால், தேன் நிறப் பிளாங்கில் பட்டுக்கட்டு போட்டு வெயிலில் தூக்கிப் பார்த்தால் கைடின் பாதம் உள்ளே நிழலாகத் தெரியும். கிளாஸ் ராடின் அழகே அதுதான் என்பேன். வெள்ளைப் பட்டு கிட்டத்தட்ட மறைந்தே போகும். எந்த நூலும் பூச்சுக்குப் பின் நிறம் கறுக்கும். ஒரு குச்சியில் கொஞ்சம் சுற்றி ஆல்கஹாலில் நனைத்தால், இறுதி நிறம் ஏறத்தாழத் தெரிந்துவிடும். நிறம் மாறாமல் காக்கும் கலர் ப்ரிசர்வர் என்ற திரவமும் உண்டு. அதைத் தடவினால் எபாக்சி நூலுக்குள் இறங்குவது குறையும், பிடிப்பும் குறையும். நான் தவிர்ப்பேன்.

இனி சுற்றும் முறை. பாத நுனியிலிருந்து மூன்று, நான்கு மில்லிமீட்டர் தள்ளி, வெறும் பிளாங்கில் தொடங்குங்கள். நூலை ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த சுற்று நூல்முனையின் மேல் ஏறிக் குறுக்கே போகும்படி விடுங்கள். பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ராடை உங்கள் பக்கம் உருட்டினால், ஐந்தாறு சுற்றில் முனை அடியில் மாட்டிக்கொள்ளும். மிச்சமுள்ள வாலைப் பிளேடால் நறுக்குங்கள். இனி ராடை உருட்டினால் போதும், நூல் தானாகப் பக்கத்தில் பக்கத்தில் படியும். கட்டு பாதத்தின் சாய்வில் ஏறும் இடத்தில் மட்டும் வேகத்தைக் குறையுங்கள். நூல் வழுக்கி இறங்கப் பார்க்கும். நகத்தால் முந்தைய சுற்றோடு நெருக்கிவிட்டு அடுத்ததைச் சுற்றுங்கள்.

கட்டு முடிய இன்னும் ஆறேழு சுற்று இருக்கும்போது, தனியாக ஒரு நூலை இரண்டாக மடித்து, மடிப்பு கட்டு முடியும் பக்கம் இருக்கும்படி அதன் மேல் வையுங்கள். மீதிச் சுற்றுகளை இந்த மடிப்பு நூலின் மேலேயே சுற்றிவிடுங்கள். கடைசிச் சுற்றை விரலால் பிடித்தபடி நூலை அறுத்து, அறுத்த முனையை மடிப்புக்குள் கோத்து, மடிப்பு நூலின் இரண்டு வாலையும் சேர்த்து இழுங்கள். முனை சுற்றுகளுக்கு அடியில் புகுந்து வெளியே வரும். அது முழுக்க வெளியே வந்துவிடும் முன், அறுத்த முனையைக் குட்டையாக நறுக்கிவிட்டு இழுத்தால், அது அடியிலேயே மறைந்துவிடும். வெளியே இழுத்துவிட்டு நறுக்கினால் ஒரு சிறு குச்சம் நீட்டிக்கொண்டு நிற்கும், எபாக்சி பூசியதும் அது முள்ளாகிவிடும்.

எவ்வளவு இறுக்கம்? கட்டி முடித்த கைடைப் பெருவிரலால் தள்ளினால் மயிரிழை அளவு நகர வேண்டும். அந்த நகர்வு கட்டாயம் வேண்டும், ஏனென்றால் எல்லாக் கைடும் கட்டிய பிறகு டிப்-டாப்பிலிருந்து பார்த்து வரிசை சரிசெய்வது அதைக்கொண்டுதான். மிக இறுக்கிக் கட்டினால் வரிசையும் சரி செய்ய முடியாது, பாதத்தின் விளிம்பு பிளாங்கையும் நெருக்கும்.

சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால், பேனா மூடிபோன்ற வழவழப்பான ஒன்றால் அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொள்ளும். நூலின் பிசிறு மயிர்களை, ஸ்பிரிட் விளக்கின் நீலத் தீயில் ஒரு கண்சிமிட்டலுக்குக் காட்டி எரித்துவிடலாம். மெழுகுவர்த்தி வேண்டாம், கரி படியும்.

கைப்பிடிக்கு முன்னால் நீளமும் லைன் எண்ணும் எழுதிவைப்பது வழக்கம். ஏழரை அடி, 4 என்று நிரந்தர மையில் எழுதிக் காயவிட்டு, பூச்சின்போது அதையும் சேர்த்து மூடிவிடுங்கள்.

எபாக்சி பூச்சு

அவசரம் காட்டக் கூடாத இடம் இது ஒன்றுதான். அறை 20 முதல் 25 டிகிரி வரை இருக்கட்டும், விசிறி ஓடக் கூடாது. முதலில் நூல்கட்டுகளை வெறும் கையால் தொடுவதை நிறுத்துங்கள். கை க்ரீமிலோ தெளிப்பானிலோ உள்ள சிலிக்கோன் ஒரு துளி பட்டால்கூட, அந்த இடத்தில் எபாக்சி பிடிக்காமல் குழி விழும். கையுறை கட்டாயம், இறுகாத எபாக்சி அடிக்கடி தோலில் பட்டால் சிலருக்கு நிரந்தர ஒவ்வாமையே வந்துவிடும்.

ராடு ஃபினிஷ்களில் பெரும்பாலானவற்றில் இரு பாகங்களையும் சம அளவு கலக்க வேண்டும். கண் அளவு ஆகாது. இரண்டு தனித்தனி சிரிஞ்சில் அளந்து எடுங்கள். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பூச்சு வாரக்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். அப்படி ஆகிவிட்டால் சுரண்ட வேண்டாம். சரியாகக் கலந்த இன்னொரு மெல்லிய பூச்சு மேலே போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கலக்கும்போது இரண்டு நிமிடம் மெதுவாகக் கிளறுங்கள், அடித்தால் குமிழி சேரும். கலந்ததும் அலுமினியத் தாளில் பரப்பி ஊற்றுங்கள். கோப்பையிலேயே குவிந்திருந்தால் தன் சூட்டிலேயே சீக்கிரம் கெட்டிப்படும். பரப்பினால் பூச நேரமும் கிடைக்கும், குமிழியும் உடையும்.

ராடு நிமிடத்துக்குப் பத்து, இருபது சுற்றில் சுழலும்படி ஒரு சிறு மோட்டார் இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் பூசிய பிறகு சில நிமிடத்துக்கு ஒருமுறை அரைச் சுற்று உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், எபாக்சி ஓடாத அளவு கெட்டியாகும் வரை.

முதல் பூச்சு நூலுக்குள் ஊறுவதற்கு மட்டும். பாதத்துக்கு இரு பக்கமும் நூலுக்கு அடியில் ஒரு சின்னச் சுரங்கம் இருக்கும். தூரிகை நுனியை அதன் வாயில் வைத்து எபாக்சி உள்ளே இழுக்கப்படும் வரை காத்திருங்கள். இல்லையென்றால் தண்ணீர் பிறகு அங்கேதான் குடியிருக்கும். கட்டின் விளிம்பைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் பிளாங்கின் மேலும் பூச வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துச் சுழற்சியை நிறுத்துங்கள். மிகுதியான எபாக்சி அடியில் தொங்கும், அதைத் தூரிகையால் ஒற்றி எடுத்துவிட்டுத் திரும்பச் சுழலவிடுங்கள். குமிழி நிற்கும் இடத்தில் ஸ்பிரிட் விளக்கை ஒரு நொடி கீழே காட்டினால் உடைந்துவிடும். இந்தப் பூச்சுக்குப் பிறகும் நூலின் வரிகள் தெரியும். தெரியட்டும்.

ஒரு நாள் கழித்து, நீட்டிக்கொண்டிருக்கும் முட்களைப் பிளேடால் சீவிவிட்டு, அதேபோல மெல்லிய இரண்டாவது பூச்சு. பலர் கண்ணாடிபோல மழமழவென்று வர வேண்டும் என்று மூன்றாவது, நான்காவது போடுகிறார்கள். நடுவில் தடித்து இரு முனையும் ஒடுங்கிய கட்டிகள் ராடு நெடுக உட்கார்ந்திருக்கும். கட்டின் வரி லேசாகத் தெரிந்தாலும் இரண்டோடு நிறுத்துங்கள், குறிப்பாக நுனிப்பக்க நான்கு கைடுகளில். நீர் புகாத அளவு போதும்.

கடைசிப் பூச்சுக்குப் பிறகு இரண்டு, மூன்று நாள் தொடாமல் வையுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதும் முழுக்க இறுகிவிட்டது என்பதும் ஒன்றல்ல.

எறிந்து பார்க்கும்போது

மூட்டைத் தளர்வாக மாட்டாதீர்கள். நேராக உள்ளே தள்ளி, கடைசியில் கொஞ்சம் திருப்பி இறுக்குங்கள். ஸ்பிகாட் என்றால் மெழுகுவர்த்தித் துண்டால் ஒருமுறை தேய்த்துவிட்டால் வழுக்காமலும் இருக்கும், மாட்டிக்கொள்ளாமலும் இருக்கும். சில மணி நேர எறிதலுக்கு ஒருமுறை மூட்டைத் தொட்டுப் பாருங்கள், தளர்ந்த மூட்டுதான் பிளக்கும்.

முன்பு கார்பன் ராடு பிடித்தவர் என்றால் முதல் அரைமணி நேரம் லைன் உங்கள் காலடியிலேயே விழும். கையை அவசரப்படுத்துவதுதான் காரணம். லைன் பின்னால் முழுக்க விரியும் வரை நிறுத்தி, பிறகு முன்னால் கொண்டுவாருங்கள். அப்படியும் ராடு மந்தமாக இருந்தால் 4க்குப் பதில் 3ஆம் எண் லைன் போட்டுப் பாருங்கள். விறைப்பாகத் தோன்றினால் 5. பிளாங்கில் எழுதியிருக்கும் எண் செய்தவரின் கருத்து மட்டுமே, உங்கள் கைக்கு வேறு எண் ஒத்துவரலாம்.

எறியும்போது ‘டிக்’ என்று சத்தம் கேட்டால் மூட்டையும் ரீல் சீட்டையும் முதலில் பாருங்கள். கைடின் பாதத்தருகே பூச்சில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால், அங்கே எபாக்சி வெடித்துத் தண்ணீர் இறங்குகிறது. அந்த ஒரு கட்டை மட்டும் லேசாகச் சூடுகாட்டி, பாதத்தின் மேல்பக்கமாகவே பிளேடை ஓட்டி அறுத்து எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டலாம். பிளாங்கின் மேல் பிளேடு படக் கூடாது. ஒரு கீறல் போதும், அடுத்த பெரிய மீனுக்கு ராடு அந்த இடத்தில் முறியும்.